சோலைமந்தியின் பக்கத்து வீடு

காவிரி டெல்டாவில் வளர்கிற பிள்ளைகளுக்குக் காடு பழக்கமில்லை. எங்கள் பக்கம் எங்கே நின்றாலும் அடிவானம் வரை வயல் தெரியும். நடுவே இரண்டு பனை, தூரத்தில் ஒரு கோபுரம். முத்துப்பேட்டை அலையாத்தியை விட்டால் காடு என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. அதனால் எங்கள் கல்லூரியின் விலங்கியல் மாணவர்களை ஆனைமலைக்கு அழைத்துப் போவதென்று முடிவானதும் வகுப்பில் எழுந்த முதல் கேள்வி, "புலி வருமா சார்?" என்பதுதான். எனக்குள்ளும் ஓர் ஆசை இருந்தது. மனித வாடையே இல்லாத ஒரு மழைக்காட்டை அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்த மலையிலுள்ள வால்பாறைக்குப் போகும் வழியில் மலைச்சரிவு முழுக்கத் தேயிலையாகவே வர, எனக்கு மனம் கசந்தது. 1890-களில் தொடங்கிச் சில பத்தாண்டுகளுக்குள் இந்தப் பீடபூமியின் காடு பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டது. ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேயிலையும் காப்பியும் ஏலமும். அவற்றுக்கிடையே அங்கங்கே துண்டு துண்டாக மிச்சமிருக்கும் சோலைகள். இதில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

காலையில் அப்படியொரு துண்டுச் சோலைக்குள் நுழைந்தோம். வழிகாட்ட வந்தவர் காடர் சமூகத்து இளைஞர். மாசி மாதம், பனி இன்னும் விலகவில்லை. உள்ளே போனதும் பிள்ளைகள் தடுமாறிப்போனார்கள். வயல்வெளியில் அரை மைலுக்கு அப்பால் நிற்கும் கொக்கைக் கண்டுபிடிக்கிற கண்கள், பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத அந்தப் பச்சை இருட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் அலைந்தன. ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு விலங்கும் தட்டுப்படவில்லை. முணுமுணுப்பு தொடங்கியது. அப்போது அந்த இளைஞர் குனிந்து, தரையில் கொட்டிக் கிடந்த பழுப்பு மஞ்சள் பூ ஒன்றை எடுத்து ஒரு மாணவியின் உள்ளங்கையில் வைத்தார். "வெடிப்பலா. இதுல இதழ் தேடிப் பாருங்க" என்றார்.

தேடினோம். இதழே இல்லை. சதைப்பற்றான புல்லிவட்டம் மட்டும் குழாய் போல இருந்தது. அண்ணாந்து பார்த்தால் கிளைகளின் பட்டையிலிருந்தே கொத்துக் கொத்தாகப் பூ. வேறு உணவு குறைந்திருக்கும் மாதங்களில் சோலைமந்தி, கருமந்தி, மலையணில், வௌவால் எல்லாம் இந்தச் சதையைத் தின்ன வருகின்றன. தின்னும்போது முகத்தில் ஒட்டுகிற மகரந்தத்தை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகின்றன. பூக்களில் சில மேலிருந்து புதிதாக விழுந்தவை, கடிபட்டவை. "இப்பத்தான் சோலைமந்தி தின்னுட்டுப் போயிருக்கு. ரோட்டுப் பக்கம் போயிருக்கும், வாங்க" என்றார் அவர். சோலைமந்தி ரோட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

சோலைமந்தியைப் பற்றி வகுப்பில் நான் நடத்தியதெல்லாம் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத குரங்கு. வாழ்நாளில் பெரும்பகுதி மரத்தின் உச்சியிலேயே கழியும். காட்டில் எஞ்சியிருப்பவை சில ஆயிரம் மட்டுமே. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கை அணைக்கட்டிலிருந்து காப்பாற்ற நடந்த போராட்டத்தின் அடையாளமே இதுதான்; 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதில் இந்தக் கருப்புக் குரங்குக்குப் பங்குண்டு.

அதே குரங்கை நாங்கள் பார்த்தது புதுத்தோட்டத்தில், பொள்ளாச்சி சாலையோரம், ஒரு மின்கம்பத்தின் அடியில். கூட்டமாக இறங்கியிருந்தன. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருந்தார்கள். சில அதன் வழியாகக் கடந்தன, சில தரையிலேயே கடந்தன. வண்டிகளை நிதானமாகப் போகச் சொல்லிக் காவலர் ஒருவர் கையசைத்துக்கொண்டிருந்தார். ஒரு தாய் எங்களுக்கு மிக அருகில் வந்து உட்கார்ந்தது. முகத்தைச் சுற்றிச் சாம்பல் வெண்மையில் பிடரி, நுனியில் மட்டும் குஞ்சம் வைத்த வால். வயிற்றோடு ஒட்டியிருந்த குட்டிக்கு இன்னும் பிடரி முளைக்கவில்லை. வெளிறிய முகத்தில் கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. தாய் கன்னப்பையில் அடக்கியிருந்த ஒரு பழத்தைப் புறங்கையால் தள்ளி வாய்க்குக் கொண்டுவந்து, தோலைத் துப்பிவிட்டு மென்றது. காப்பிக்கு நிழலாக இருக்கட்டும் என்று ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து வைத்த மரத்தின் பழம் அது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

கூட்டம் சாலையைக் கடந்து, கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளின் கூரைக்கு இறங்கியது. நாங்களும் பின்னால் போனோம். கடைசி வீட்டு வாசலில் ஓர் அம்மாள் அலுமினியத் தட்டைக் கரண்டியால் தட்டி, "போ, போ அங்கிட்டு" என்று விரட்டிக்கொண்டிருந்தார். கூரையில் ஓர் ஆண்குரங்கு நகரவில்லை. அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

எங்கள் மாணவி ஒருத்தி, வகுப்பில் அதிகம் பேசாத பெண், ஓடிப்போய் முன்னால் நின்றாள். "அக்கா, அடிக்காதீங்க. இது அதோட இடம். மனுஷங்கதான் அதோட காட்டை எடுத்துக்கிட்டோம்."

அந்த அம்மாள் கல்லைக் கீழே போடவில்லை. "யாரு கண்ணு எடுத்தது? எங்க பாட்டனைக் கங்காணி முன்பணம் குடுத்து ராமநாதபுரத்துலேருந்து கூட்டியாந்தான். வெட்டச் சொன்னது தொரை. வெட்டுன கைதான் எங்களோடது. காடும் எங்களுக்கு வரல, தோட்டமும் வரல. இந்த வீடுகூட வேலை இருக்கிற வரைக்கும்தான். ரிட்டையர் ஆனா சாவியக் குடுத்துட்டுப் போகணும். ஒங்க வீட்டு அடுப்படியில வந்து சோத்துப் பானையக் கவுத்துச்சுன்னா நீ என்ன செய்வே?"

"அதுக்குச் சாப்பாடு கிடைக்கலைன்னுதானே வருது?" இவளும் விடவில்லை.

"கெடைக்காம என்ன? ருசி கண்டுருச்சு. கார்ல வர்றவங்க சிப்ஸும் முறுக்கும் போட்டுப் பழக்கிட்டுப் போயிடுறாங்க. அவங்க ஊருக்குப் போயிருவாங்க. நாங்க எங்க போறது?"

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன், பேசவில்லை. பதில் சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை. சற்று நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு அவராகவே, "சரி, உள்ள வந்து பாரு. பாத்துட்டுச் சொல்லு" என்று கதவைத் திறந்தார்.

சிறிய அடுப்படி. ஜன்னலுக்குக் கம்பி வலை. அதன் ஓரங்களைப் பிய்க்க முடியாதபடி சைக்கிள் டியூப் வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார். ஒவ்வொரு பாத்திரத்தின் மூடிமேலும் ஒரு கல். அரிசி மட்டும் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில், அதுவும் உள்ளறையில். அது குரங்குக்காக இல்லை என்றார். அரிசிக்கும் உப்புக்கும் யானை சுவரையே இடிக்கும். ரேஷன் கடை, சத்துணவுக் கூடம் எதையும் விடாது. வெறும் டீயும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொடுத்தார். காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கித் தொட்டுக்கொள்ள வைத்தார். குளிரில் நின்றுவந்த பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கல்லை எடுத்தவரும் தடுத்தவளும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தார்கள்.

யானைப் பேச்சு வந்ததும் மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். வால்பாறையில் யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர், யானை பக்கத்தில் நிற்பது தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்த பிறகு, யானையை விரட்டுவதை விட்டுவிட்டு, அது எங்கே நிற்கிறது என்று ஆட்களுக்குச் சொல்லும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி, குரல் அழைப்பு. மேட்டில் ஒரு கம்பத்தில் சிவப்பு விளக்கு. யானையைப் பார்த்தவர் தம் போனிலிருந்தே அந்த விளக்கை எரிய வைக்கலாம். இதற்காக அவர்களில் ஒருவரான ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. அந்த அம்மாளுக்கு விருதைப் பற்றித் தெரியாது. விளக்கைப் பற்றி நன்றாகத் தெரியும். "லைட்டு எரிஞ்சா பஸ்ஸைவிட்டு எறங்க மாட்டோம். இல்லாட்டி நாலு பேராச் சேந்து சத்தமாப் பேசிக்கிட்டு வருவோம். அது பாட்டுக்கு அது போகும், நாங்க பாட்டுக்கு நாங்க போவோம்."

புறப்படும்போது கூரையிலிருந்து அந்தத் தாய்க்குரங்கு எட்டிப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தபடியே மாணவியிடம் சொன்னார்: "இவளுக்கு முந்தி ஒரு குட்டி. ரோட்டுல வண்டி அடிச்சிருச்சு. செத்ததை நாள்கணக்கா நெஞ்சோட தூக்கிக்கிட்டே திரிஞ்சா. கீழ வைக்கவே மாட்டேன்னுட்டா. எங்க லைன்ல அன்னிக்கு யாரும் தட்டைத் தட்டல."

அந்த மாணவி அதை எழுதிக்கொண்டாள். கல்லூரிக்குத் திரும்பியதும் எல்லோருடைய களக்குறிப்புகளையும் படித்தேன். மரங்களின் பெயரும் பறவைகளின் பட்டியலும் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் ஒரு விலங்கைப் பல ஆண்டுகளாகத் தினம் பார்த்த ஒருவரின் அறிவு அவள் எழுதிய அந்த ஒரு பத்தியில்தான் இருந்தது. சோலைமந்தி ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும் என்று பாடத்தில் படித்தவர்களுக்கு, ஒரு குட்டி சாலையில் போவது என்றால் என்ன என்று அந்த வீட்டு வாசலில்தான் உறைத்தது.

லயன் வீட்டுக்குப் போய்வந்த அன்று இரவு விடுதியில் பிள்ளைகள் நெடுநேரம் விவாதித்தார்கள். மக்களை அங்கிருந்து வெளியேற்றிக் காட்டை வளர்த்தால்தான் விலங்கு பிழைக்கும் என்றான் ஒருவன். எழுபதாயிரம் பேரை எங்கே அனுப்புவாய் என்று கேட்டாள் அந்த மாணவி. காலையில் அவள் சொன்னதற்கு நேர் எதிர்ப்பக்கம் அவள் போய்விடவும் இல்லை. குரங்கின் இடம் அது என்பதில் அப்போதும் உறுதியாகவே இருந்தாள். அந்த அம்மாளுக்கும் அங்கே இடம் உண்டு என்பதைச் சேர்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். மழைக்காட்டைப் படிக்க வந்த பிள்ளை அதற்கு மேல் என்ன கற்க வேண்டும்? தேயிலைச் சரிவுகளைப் பார்த்த என் கசப்பு முழுதாகத் தீரவில்லை. ஆனால் சோலைத் துண்டும் காப்பி நிழலும் லயன் வீடும் சேர்ந்த இந்த இடத்தில்தான் அந்தக் குரங்கு பிழைத்துக் கிடக்கிறது. இதைக் காடு இல்லை என்று ஒதுக்கிவிட்டு வேறெங்கே அதைத் தேடுவது?

மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துப் போகிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜீப் சவாரிக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை, அந்த விலங்கோடு அன்றாடம் மல்லுக்கட்டி வாழ்கிறவர்களின் வீட்டுத் திண்ணைக்கு ஒதுக்குங்கள். காட்டைப் பற்றி அவர்கள் சொல்வதையும் பாடமாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வால்பாறைக்குக் காரில் போகிறவர்களுக்கு ஒன்று: புதுத்தோட்டத்தில் வேகத்தைக் குறையுங்கள், குரங்குக்கு எதையும் போடாதீர்கள். நீங்கள் போடும் ஒரு கைப்பிடி சிப்ஸுக்கு விலை கொடுப்பது அந்தக் குரங்கும், லயனில் குடியிருக்கிற அந்த அம்மாளும்தான்.