நளன் பக்கத்தில் ஒரு விஞ்ஞானி

திருப்புல்லாணியில் தர்ப்பசயன இராமனைச் சேவித்துவிட்டு, சேதுக்கரைக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நம்முடன் வந்த நண்பர் கல்லூரியில் பௌதிகம் போதிப்பவர். நம் புதல்வி அவரைக் கேட்டாள்: "மாமா, நீங்கள் அந்த வானர சேனையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

"முதல் நாளே பைத்தியம் பிடித்திருக்கும், அம்மா! குரங்கு பேசுகிறது, கல் மிதக்கிறது. அங்கே எனக்கு என்ன வேலை?" என்றார் நண்பர்.

குழந்தையின் முகம் வாடிற்று. இராமனை விடுவதா, மாமாவை விடுவதா என்று அவள் திகைப்பது தெரிந்தது. நமக்கும் கவலையாயிற்று.

ஆனால் யோசித்துப் பார்த்தால், நண்பர் பயப்படக் காரணமே இல்லை. இராமபிரான் மூன்று நாள் புல்லணையில் கிடந்தும் கடல் வழி விடவில்லை. வில்லை எடுத்த பிறகு வந்த சமுத்திரராஜன் மந்திரம் எதுவும் சொல்லவில்லை. "நளன் இருக்கிறான், அணை கட்டட்டும்" என்றான். வானரர்கள் நூல் பிடித்தார்கள், அளவுகோல் பிடித்தார்கள் என்கிறார் வால்மீகி. முதல் நாள் 14 யோசனை; பிறகு 20, 21, 22, 23. ஐந்தே நாளில் கூட்டுத் தொகை 100! தினசரிக் கணக்கு எழுதிய மாய உலகம் வேறு எங்கே உண்டு?

கல் மிதந்ததென்றால் விஞ்ஞானி ஓடிப் போவானா? நாளைக்கும் மிதக்கிறதா, எவர் போட்டாலும் மிதக்கிறதா என்று பார்ப்பான். 1883-ல் கிரகதோவா எரிமலை கக்கிய நுரைக்கல், இந்து மகாசமுத்திரத்தைக் கடந்து ஆப்பிரிக்கா வரையில் மிதந்தே போயிற்று. அதை யாரும் மாயம் என்று தள்ளிவிடவில்லை. கல்லுக்குள் காற்று அடைபட்டிருப்பதைக் கண்டார்கள்.

நம் காலத்திலும் இக்கடல் சோதித்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் ரயில் பாலத்தையும் உடைத்தது. பழுது பார்க்க ஆறு மாதம் கெடு வைத்தார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயர், கடலில் விழுந்த கர்டர்களையே தேடியெடுத்துப் பொருத்தி, 46 நாளில் முடித்தார். நளன் பார்த்திருந்தால் தழுவிக்கொண்டிருப்பான்.

இதையெல்லாம் சொன்னதும் குழந்தை குதூகலித்தாள். "அப்படியானால் மாமா நூல் பிடிக்கலாமே!"

"பிடிக்கலாம்தான், அம்மா. வானரர்கள் என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமே!" என்றார் நண்பர்.