ஹேங் ஆகும் நேரம்

“சிஸ்டம் ஹேங் ஆகுது” என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது எப்போது என்றுதான். “அப்பப்ப, தோணுறப்ப ஆகுது” என்பார்கள். தோன்றியபோது நிற்கிற எந்திரம் கிடையாது. யாரும் நேரம் குறித்து வைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு தாளைக் கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டி, நிற்கும் ஒவ்வொரு முறையும் மணி என்ன, என்ன ஓடிக்கொண்டிருந்தது, ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று எழுதச் சொல்வேன். கேம் ஆடும்போது நிற்கிறதா, சும்மா கிடக்கும்போது நிற்கிறதா? இந்த ஒரு பதில் கிடைத்தாலே பாதிப் பாகங்கள் சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிடும்.

*

நின்றவுடன் ரீசெட் பட்டனுக்குக் கை போகக் கூடாது. முதலில் கீபோர்டில் நம் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது, திரை மட்டும் போயிருக்கலாம். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திரை ஒருமுறை இருண்டு திரும்பி வந்துவிட்டால் கார்டையும் அதன் டிரைவரையும் பார்க்க வேண்டும்.

மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் திறக்கவில்லை, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது என்றால் டிஸ்க் பக்கம் போகலாம். பாட்டு ஓடும்போது கடைசித் துணுக்கு ‘ட்ர்ர்ர்ர்’ என்று ஒரே இடத்தில் சுழல்கிறது, நம் லாக்கும் அசையவில்லை என்றால் நின்றது முழு எந்திரமும். அப்போது ரேம், பிராசஸர், போர்டு, எஸ்எம்பிஎஸ் இவற்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஆல்ட்டையும் சிஸ்ஆர்க்யூவையும் பிடித்தபடி எஸ், யு, பி என்று ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அழுத்திப் பார்க்கலாம். கெர்னல் உயிரோடிருந்தால் டிஸ்கில் எழுத வேண்டியதை எழுதிவிட்டு ரீபூட் ஆகும். ஆகாவிட்டால் அதுவும் ஒரு தகவல். தாளில் எழுதுங்கள்.

*

ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று சிவப்புக் குறியோடு ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் போச்சு என்று புதிதாக வாங்க ஓடியவர்களை எனக்குத் தெரியும். போன முறை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அந்த வரி எதுவும் சொல்லவில்லை. அதன் விவரத்தில் பக்செக்கோட் 0 என்று இருந்தால் புளூ ஸ்கிரீன் அளவுக்குக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள். படிக்க வேண்டியவை அதற்கு முந்தைய வரிகள். டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயர் தென்பட்டால் ஹார்டுவேரே புகார் கொடுத்திருக்கிறது. 129 என்ற எண்ணோடு ‘ரீசெட் டு டிவைஸ்’ என்று இருந்தால், டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் காத்திருந்து பார்த்து அதை ரீசெட் செய்திருக்கிறது.

தங்கை வீட்டு சிஸ்டத்தில் கண்டது இந்த 129தான். பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது அரை நிமிடம் அப்படியே உறையும், பிறகு தானாக ஓடும். ஹார்டு டிஸ்க் போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து பார்த்தால் 05, சி5 இரண்டும் பூஜ்யம். அதாவது டிஸ்கின் தட்டில் கெட்டுப்போன இடம் எதுவும் பதிவாகவில்லை. சி7 மட்டும் ஏறியிருந்தது. டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே போகிற வழியில் தகவல் சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை அது. வழி என்றால் சாட்டா கேபிள். திறந்து பார்த்தோம். முனையில் கிளிப் இல்லாத சிவப்புக் கேபிள். பக்க மூடி அதை அழுத்திச் செங்கோணமாக மடித்திருந்தது. விரலால் தொட்டால் கனெக்டர் ஆடியது. கிளிப் உள்ள கேபிள் ஒன்றை மாட்டினோம். சி7 ஏறுமே தவிர இறங்காது; ஆகவே அன்றைய மதிப்பைத் தாளில் குறித்துவைத்து, மறுபடி ஏறுகிறதா என்று மட்டும் கவனித்தோம். ஏறவில்லை. அதே டிஸ்க்தான் இன்றும் ஓடுகிறது.

*

ரிச்சி தெருவில் பிராசஸர் ஒரு கடையில், ரேம் இன்னொரு கடையில், எஸ்எம்பிஎஸ் வேறொரு கடையில் வாங்கி வந்து வீட்டில் பூட்டுகிறோம். தனித்தனியாக எல்லாம் நல்ல பொருள்தான். இந்தச் சேர்க்கையை மட்டும் நமக்கு முன்னால் யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை. அசெம்பிள் செய்கிறவனுக்குச் சோதிக்கிற வேலையும் சேர்ந்தே வருகிறது. இதைக் கடையில் யாராவது சொல்லி அனுப்பினால் நன்றாக இருக்கும்.

உதாரணத்துக்கு, டிடிஆர்4 ரேம் பெட்டியில் 3600 என்று போட்டிருக்கும். பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்தால்தான் அந்த வேகம் வரும். அது வழக்கமான 1.2 வோல்ட்டை 1.35க்கு ஏற்றி ஓட்டும் ஓவர்கிளாக். ரேம் தாங்கினாலும் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் தாங்க வேண்டும்; நான்கு ஸ்டிக் போட்டால் அதன் சுமை இன்னும் கூடும். ஹேங் என்றாலே நான் முதலில் செய்வது எக்ஸ்எம்பியை அணைத்துச் சில நாள் ஓட்டுவது. காசு செலவில்லை. ஹேங் நின்றுவிட்டால் பயாஸில் வேகத்தை 3200 என்று குறைத்து வைத்து ஓட்டிக்கொள்ளலாம். அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது.

ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர் சர்வீஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். வேலை செய்கிறது, பார்த்திருக்கிறேன். ஆனால் பல நேரம் குணப்படுத்துவது ரப்பர் அல்ல, கழற்றியதை இரண்டு பக்கமும் ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்திப் போட்டதுதான் என்பது என் எண்ணம். தேய்ப்பதானால் பென்சில் ரப்பர் மட்டும். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் தங்கப் பூச்சைச் சுரண்டிவிடும்.

மெம்டெஸ்ட்86+ ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். பிழையே வரவில்லை என்றாலும் ரேமை முழுதாக விடுவித்துவிட முடியாது.

*

வெப்பத்தின் மேல் தேவைக்கு மேல் பழி விழுகிறது. இன்றைய பிராசஸர் சூடேறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் பட்டென்று அணைந்துவிடும். உறைந்து நிற்பது அதன் வழக்கமான குணம் அல்ல. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் ரீஸ்டார்ட் ஆவதும் ஹேங் கணக்கில் வராது. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

*

சும்மா கிடக்கும்போது நிற்கிற சிஸ்டம். கேம் மணிக்கணக்கில் ஓடும்; அணைக்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தால் உறைந்திருக்கும். வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் காரணம் தெளிவானது. வேலை இல்லாதபோது பிராசஸர் சி6 போன்ற ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய், ஏறக்குறைய மின்சாரமே எடுக்காமல் இருக்கும். 2013இல் இன்டெல் ஹாஸ்வெல் வந்தபோது 12 வோல்ட் வழியில் எடுக்கும் மின்னோட்டம் 0.05 ஆம்பியர் வரை இறங்கியது. பழைய எஸ்எம்பிஎஸ் பல அவ்வளவு குறைந்த சுமையில் வோல்டேஜை நிலையாகப் பிடிக்கும்படி செய்யப்பட்டவை அல்ல. எந்தெந்த மாடல் ஒத்துவரும் என்று எஸ்எம்பிஎஸ் கம்பெனிகள் பட்டியல் போட வேண்டியிருந்தது. 2017இல் வந்த ஏஎம்டியின் முதல் ரைசன்கள் லினக்ஸில் சும்மா இருக்கும்போது உறைவதாகப் புகார்கள் குவிந்தன. பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்பதை ‘டிபிகல் கரண்ட் ஐடில்’ என்று மாற்றியதும் பலருக்கு அது நின்றது. கொஞ்சம் வாட் கூடும், அவ்வளவுதான்.

ஓரிரு நொடி மட்டும் திக்கிவிட்டு ஓடுகிற ரைசன் என்றால் எஃப்டிபிஎம் என்கிற பாதுகாப்பு வசதியைச் சந்தேகிக்கலாம். ஏஎம்டி 2022இல் ஒப்புக்கொண்ட கோளாறு அது. புது பயாஸ் போட்டால் சரியாகும்.

*

ஃபார்மட் செய்வதற்கு முன்னால் உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் நின்றால் விண்டோஸ்மேல் தப்பில்லை. உங்கள் ஃபோட்டோக்களும் பத்திரம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ரேமையும் டிரைவரையும் ஒரே நாளில் மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

*

13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர் என்றால், குறிப்பாக ஐ7, ஐ9 என்றால், மேலே சொன்ன எதற்கும் முன்னால் பயாஸ் தேதியைப் பாருங்கள். கேம் திறக்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று பிழை வரும், கிராஃபிக்ஸ் கார்டு நன்றாகவே இருக்கும். பிராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைத்தானே தேய்த்துக்கொள்வதாக இன்டெல் 2024 ஜூலையில் அறிவித்தது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோட் திருத்தங்கள் வந்தன. அவை பயாஸ் அப்டேட்டோடு வரும். இனி தேயாமல் தடுக்கும். தேய்ந்த சிப்பை மீட்காது. அப்படிப்பட்ட சிஸ்டத்தில் ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிக்கொண்டே போவது வீண் செலவு. வாரன்டியை இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது. பில்லைத் தேடி எடுத்து, பிராசஸரை மாற்றிக் கேளுங்கள்.