இருபத்தாறாம் தேதி பிறந்த பிள்ளை



டிசம்பர் கடைசி வாரம் எங்கள் வீட்டில் இரண்டு பிறந்தநாள். மகன் வழிப் பேத்திக்கு 26, மகள் வழிப் பேரனுக்கு 30. அரையாண்டுத் தேர்வு விடுமுறை விட்டதும் ஒரு கூட்டம் தாம்பரத்தில் காரைக்கால் வண்டி ஏறி, விடியற்காலையில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கும். இன்னொரு கூட்டம் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வரும். பள்ளி திறக்கும்வரை என் வீட்டில் ஒரு பொருளும் வைத்த இடத்தில் இருக்காது. டிவி ரிமோட் அரிசிப் பானைக்குள் கிடக்கும். என் மூக்குக் கண்ணாடியை ஒரு கரடி பொம்மை போட்டுக்கொண்டிருக்கும். குளிருக்கு வெந்நீர் வைத்து நான்கு பேரைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் காலைப் பொங்கல் ஆறிவிடும். இந்த அமளிக்காகத்தான் மற்ற பதினொரு மாதமும் காத்திருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

நேற்று முன்தினம் பேத்திக்கு ஆறு வயது முடிந்தது. போட்டோ போட்டிருந்தேன். வாழ்த்திய எல்லோருக்கும் நன்றி. சிலர் வாழ்த்தோடு ஒரு கேள்வியும் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், 26ஆம் தேதியிலா கேக்?" வெளியூரில் இருக்கும் ஒரு மாணவி தனியாக எழுதியிருந்தாள். அவள் மகனுக்கும் அதே தேதிதானாம். "அன்னிக்கு நாம விளக்கேத்தி வைக்கிற நாள்டி, கேக் வெட்டுற நாளா" என்று அவள் அம்மா சொல்கிறாராம். என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாள். அவளுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் நீட்டி எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என்னிடம் படித்தவர்களுக்கு அது புதிதில்லை.

எங்கள் தலைமுறைக்குப் பிறந்தநாள் என்றால் நட்சத்திரம்தான். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, கோயிலுக்குப் போய் வந்தால் முடிந்தது. என் சான்றிதழில் இருப்பது ஜூன் மாதம். அம்மா சொன்னது மார்கழி. பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் வயதைக் கணக்குப் போட்டு ஒரு தேதி எழுதினார். அதை வைத்துத்தான் வேலையும் கிடைத்தது, ஓய்வும் கிடைத்தது. இதைப் படிக்கும் பெரியவர்களில் பாதிப்பேர் கதை இதுவாகத்தான் இருக்கும்.

பிறந்தநாளின் அருமையை எனக்குக் காட்டியவர்கள் வகுப்புப் பிள்ளைகள்தான். ஆசிரியர் பயிற்சி முடித்து, கடலோரத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்த பிறகு வருடாவருடம் பார்த்தேன். சீருடைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மட்டும் கலர் டிரஸ்ஸில் வந்து நிற்கும். கையில் ஆசை சாக்லேட்டோ தேன் மிட்டாயோ இருக்கும். அன்று முழுக்க அந்தப் பிள்ளை நடக்கிற நடையே வேறு. டிசம்பர் கடைசியில் பிறந்தவர்களுக்கும் மே மாதம் பிறந்தவர்களுக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது. அவர்கள் பிறந்தநாளில் பள்ளிக்கூடமே பூட்டியிருக்கும். அதனால் விடுமுறைக்கு முந்தைய நாள் அவர்களை வரிசையாக முன்னால் நிறுத்தி வகுப்பே கைதட்டும். உங்களில் பலர் கைதட்டியிருக்கிறீர்கள். சிலர் முன்னால் வந்து வெட்கப்பட்டு நின்றிருக்கிறீர்கள்.

2004 டிசம்பரிலும் அப்படிக் கைதட்டிவிட்டுத்தான் விடுமுறை விட்டோம்.

26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் கிறிஸ்துமஸ் என்பதால் வேளாங்கண்ணியில் நல்ல கூட்டம். நம் கணக்குக்குக் காலை ஆறரை மணி அளவில் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. ஒன்பது மணி வாக்கில் அலை இங்கே வந்துவிட்டது. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அந்தக் காலையைப் பற்றி நான் இதற்கு மேல் எழுதப் போவதில்லை. ஜனவரியில் பள்ளி திறந்தபோது என் மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் நான்கு பெயருக்குப் பதில் வரவில்லை. அதில் ஒருவன் விடுமுறைக்கு முன் கைதட்டு வாங்கியவன். 28ஆம் தேதி அவனுக்கு எட்டு வயது முடிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு நம் ஊரில் 26ஆம் தேதி என்றால் எப்படி என்று உங்களுக்கே தெரியும். படகுகள் கடலுக்குப் போகாது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கமெல்லாம் காலையில் ஊர்வலமாகப் போய்க் கடலில் பாலும் பூவும் விடுவார்கள். அன்று நல்ல காரியம் வைப்பது என்ற பேச்சே இல்லை.

ஆனால் அதே கடற்கரையில் இன்னொன்றும் நடந்தது. கருத்தடை அறுவை செய்துகொண்டிருந்த தாய்மார்கள் பிள்ளைகளை இழந்து நின்றார்கள். மறுபடி கருத்தரிக்க வழி செய்யும் அறுவை சிகிச்சைக்கு அரசு உதவியது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் 2010, 2011 வாக்கில் ஒன்றாம் வகுப்புக்கு வந்தார்கள். சிலருக்கு, போன அண்ணன் பெயரையோ அக்காள் பெயரையோ அப்படியே வைத்திருந்தார்கள். 2005இல் பதில் வராத ஒரு பெயரை மறுபடியும் நான் கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்" என்று சத்தமாகப் பதில் வந்தது. அன்று பதிவேட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளுக்கு எதுவும் புரியவில்லை. அது போதும் என்று இருந்தது.

2018 டிசம்பர் 26 காலையில் நான் கடற்கரையில் நின்றபோது மகனின் போன் வந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்றான். சுற்றிலும் அழுகைச் சத்தம். நான் "சரிப்பா, சரிப்பா" என்று மட்டும் சொன்னேன். கையில் இருந்த பூவைக் கடலில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரிடம் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். சந்தோஷத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல வேண்டியிருந்ததுதான் எனக்கு உறுத்தியது.

முதல் பிறந்தநாளுக்கு வீட்டில் பெரிய விவாதம். சம்பந்தியம்மா, நட்சத்திரத்தன்று வைத்துக்கொள்ளலாம் என்றார். மருமகள், 25ஆம் தேதியே முடித்துவிடலாமா அத்தை என்றாள். போதாததற்கு 2019இல் அன்று காலையில் சூரிய கிரகணம் வேறு. "அலை நாளும் கிரகணமும் ஒண்ணா வருது, இதுல கேக் கேக்குதா" என்று ஓர் உறவினர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். கடைசியில் வீட்டோடு ஒரு பாயசம் மட்டும் வைத்து, சாயங்காலம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரையும் கூப்பிடவில்லை.

அப்போது வாசலில் ஒரு குரல். இரண்டு முழம் கதம்பமும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு ஒரு அம்மா நின்றார். என் பதிவேட்டில் பெயர் திரும்பி வந்த பிள்ளையின் தாய். காலையில் கரையில் என் பக்கத்தில் நின்று பால் ஊற்றியவர். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவரே பேசினார். "ஏன் டீச்சர் வீட்டை இப்புடி இருட்டா வச்சிருக்கீங்க? போன புள்ளைக்குக் காலையில பால் ஊத்தியாச்சு. இருக்குற புள்ளைக்குச் சாயங்காலம் ஒரு வாய் பாயசம் குடுக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டுப் பேத்தியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அன்றைக்கு அதைச் சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள் அவர்தான். அதன் பிறகு எங்கள் வீட்டில் விவாதம் இல்லை. காலை கடலுக்கு, சாயங்காலம் பிள்ளைக்கு. இதுதான் ஏற்பாடு.

கொரோனா ஆண்டில் மட்டும் போனிலேயே பார்த்துக்கொண்டோம். மற்றபடி மாறவில்லை. காலையில் வாசலில் கோலம் போடுவேன், கலர்ப் பொடி தூவ மாட்டேன். எட்டு மணிக்குக் கடற்கரை. நாலு வயதிலிருந்து பேத்தியும் வருகிறாள். மத்தியானம் சாதாரணச் சாப்பாடு. நாலு மணிக்கு மேல் பலூன், கேக், கேசரி, தெருப் பிள்ளைகள் எல்லாம் உண்டு. பலூன் வீட்டுக்குள்தான் கட்டுவோம், வெளிக்கேட்டில் இல்லை. ஸ்பீக்கர் கிடையாது, வெடி கிடையாது. பிள்ளைகள் வாயால் பாடுகிற பாட்டுப் போதும். அந்த அம்மா வருவார். கேக்கின் முதல் துண்டு பேத்திக்கு, இரண்டாவது அவருக்கு.

30ஆம் தேதி பேரன் பிறந்தநாளுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அது பெரியவளின் கண்ணில் படாமல் போகுமா? பிள்ளைகள் கணக்கில் நம்மைவிடக் கெட்டி. போன வருடம் கேட்டுவிட்டாள். "அவனுக்கு மட்டும் ஸ்பீக்கர்ல பாட்டு. நான் பொறந்தது கெட்ட நாளா அப்பாயி?" கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்ததையும் கேட்டாள். "நான் பொறந்ததாலதான் அலை வந்துச்சா?"

அந்த வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் யோசிக்கும். இரண்டு விஷயம் ஒரே நாளில் இருந்தால் ஒன்றால்தான் மற்றது வந்தது என்று முடிச்சுப் போட்டுவிடும். பெரியவர்கள் கிசுகிசுத்துப் பேசினால் அந்த முடிச்சு இன்னும் இறுகும். "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை அடைத்தால் அது உள்ளேயே தங்கிவிடும்.

நான் பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டையை எடுத்துவந்தேன். தரையில் ஒன்றை வைத்து, "இது அலை வந்த வருஷம், 2004" என்றேன். அடுத்ததை வைத்து 2005, அடுத்து 2006. அவளையே வைக்கச் சொன்னேன். 2018 வந்ததும், "இந்தக் கொட்டைதான் நீ" என்றேன். நடுவில் எத்தனை வருஷம் தாண்டி வந்திருக்கிறாய், எண்ணு என்றேன். விரல் வைத்து எண்ணினாள். முதல் கொட்டையிலிருந்து தன் கொட்டைக்கு 14 தாவல். "அப்ப நான் இல்லவே இல்ல" என்றாள். "இல்லவே இல்லை. உங்கப்பாவுக்கே அப்போது கல்யாணம் ஆகவில்லை" என்றேன். முகம் தெளிந்துவிட்டது. கழித்தல் கணக்கை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது ஒரு பிள்ளையின் மனப்பாரத்தையும் கழிக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"மறுபடி வருமா?" என்பது இந்த வருடக் கேள்வி. வராது என்று பொய் சொல்லவில்லை. 2007இலிருந்து ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது, கடலடியில் பூமி அதிர்ந்தால் கவனித்துச் சொல்வார்கள் என்றேன். டில்லி ஸ்மித் கதையும் சொன்னேன். 10 வயது ஆங்கிலேயச் சிறுமி. அன்று பெற்றோரோடு தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் இருந்தாள். கடல் நீர் நுரைத்து விநோதமாக நடந்துகொள்வதைப் பார்த்ததும், சில வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது அவளுக்கு நினைவு வந்தது. சுனாமி வரப்போகிறது என்று பெற்றோரிடம் பிடிவாதமாகச் சொன்னாள். கடற்கரையைக் காலி செய்தார்கள், அங்கிருந்தவர்கள் பிழைத்தார்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காதே, மேட்டைப் பார்த்து ஓடு, மற்றவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு ஓடு. இது என் பேரப்பிள்ளைகள் நால்வருக்கும் மனப்பாடம். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

என் மாணவிக்கு எழுதியது இவ்வளவுதான். மகனின் பிறந்தநாளைத் தள்ளி வைக்காதே. தேதியை மறைத்தால் அதில் ஏதோ குற்றம் இருக்கிறது என்று பிள்ளை நினைக்கும். உன் அம்மாவின் துக்கத்தையும் தள்ளி வைக்காதே. அவர் இழந்தது யாரை என்று உனக்குத் தெரியும். காலையில் அம்மா விளக்கேற்றும்போது பிள்ளையைப் பக்கத்தில் நிற்க வை, யாருக்காக என்று பெயர் சொல்லிக் காட்டு. சாயங்காலம் கேக் வெட்டும்போது அம்மாவை முன்னால் நிற்க வை. வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. ஒரு வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் வருவார். பேரன் கையால் ஒரு துண்டு நீட்டினால் எந்தப் பாட்டியும் ரொம்ப நாள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

20 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த நான்கு பெயரும் எனக்கு இன்னும் வரிசை எண்ணோடு நினைவிருக்கின்றன. அந்த வகுப்பில் படித்த மற்றவர்களுக்கு இப்போது 27, 28 வயது. சிலருக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. நீங்கள் அனுப்புகிற முதல் பிறந்தநாள் போட்டோ ஒவ்வொன்றையும் நான் பெரிதாக்கிப் பார்க்கிறேன் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாளன்னிக்குப் பேரனுக்கு நாலு வயது முடிகிறது. டைனோசர் கேக் வேண்டுமாம். நாகப்பட்டினத்தில் நாலு பேக்கரி ஏறி இறங்கி, ஐந்தாவதில் சொல்லிவைத்திருக்கிறார் தாத்தா. ஸ்பீக்கர் உண்டு, அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது.

விடுமுறையில் பிறந்தநாள் வருகிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் கீழே பெயரும் தேதியும் எழுதுங்கள். பள்ளி திறந்ததும் கைதட்ட வகுப்பு இல்லாவிட்டால் என்ன, டீச்சர் இருக்கிறேன்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர்