திருமலையின் நீரும் காடும்

குடிபாலாவிலிருந்து புறப்பட்டு, சித்தூரையும் சந்திரகிரியையும் கடந்து திருமலையை அடைந்தோம். அங்குச் செல்லும் நம்மவரிற் பலர் தரிசனம் முடிந்தவுடன் மலையிறங்கி விடுகின்றனர். நாங்களோ மேலும் ஒரு நாள் தங்கினோம்.

முதலில் நாராயணகிரி. ஸ்ரீவாரி பாதத்தின் அருகே நின்று நோக்கினால் கோயிலும் ஊரும் கீழே விரிகின்றன. அப்பால் செம்மரங்கள் செறிந்த சேஷாசலக் காடு. அக்காட்டில் 353 சதுர கிலோமீட்டர் ஸ்ரீ வேங்கடேசுவர தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. இறங்கும் வழியில், காற்றும் நீரும் குடைந்த இயற்கைக் கல்வளைவான சிலாதோரணத்தைக் கண்டோம்.

பின்னர் பாபவிநாசம் சென்றோம். திருமலை நம்பி இங்கிருந்து நாள்தோறும் திருமஞ்சன நீர் சுமந்தார் என்றும், முதுமையில் அவர் சிரமம் தீரவே அருகில் ஆகாசகங்கை தோன்றியது என்றும் வைணவர் கூறுவர். இன்று பாபவிநாசத்தில் அணை கட்டித் தேக்கிய நீர், திருமலைக்கு வரும் அடியவரின் தாகம் தீர்க்கிறது. அந்நீருக்குத் தாய் மழை; மழைநீரை வேரில் தாங்கி மெல்லக் கசியவிடுவது காடு. காடு குன்றினால் தீர்த்தமும் குன்றும்.

ஆதலின், குழந்தைகளுடன் திருமலை செல்லும் அன்பர்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்குக. இறைவனைக் காட்டிய கையால், அவன் மலையின் நீரையும் காட்டையும் காட்டுக.