அப்பாவின் தள்ளுவண்டிக்கு மோட்டார் தேவையா?

ஆடி 2

இரவு பத்தரை மணிக்கு நெடுஞ்சாலை விலக்கிலிருந்து தோசை வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது, வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் அது அப்பாவை முந்திவிட்டது. சாரலில் ரோடு நனைந்திருந்தது. முன்பக்கம் நின்று வண்டியைத் தடுத்து இறக்கியவருக்குச் செருப்பு வழுக்க, முன்சக்கரம் இடது கால் பெருவிரலில் ஏறிவிட்டது. நகம் பெயர்ந்து ரத்தம். அம்மா முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். வண்டி வேலியில் முட்டி நின்றதால் தோசைக்கல்லும் சிலிண்டரும் தப்பின.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "இன்னும் எத்தனை நாளைக்கு இதத் தள்ளுவீக?" அப்பா பதில் சொல்லவில்லை. அவருக்கு வயது 67. வன்னியம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து விலக்குக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பதினாறு வருடமாகச் சாயங்காலம் ஒரு நடை, ராத்திரி ஒரு நடை.

ஆடி 4

நான் ராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் ஃபிட்டர். மில்லில் ஒரு பேரிங் முனகினால் ஓடிப்போய்ப் பார்க்கிறவன், வீட்டு வண்டியை இத்தனை வருடம் குனிந்து பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். நான்கும் சைக்கிள் சக்கரம். உள்ளே பேரிங் கிடையாது, புஷ்தான். பின்சக்கரம் இரண்டிலும் புஷ் முட்டை வடிவமாகத் தேய்ந்து, அச்சு அரை விரல் அளவு ஆடுகிறது. ஒரு ரிம் வளைந்து சுற்றுக்கு ஒரு தடவை சட்டத்தில் உரசுகிறது. அந்த இடத்தில் மட்டும் இரும்பு வெள்ளி போலப் பளபளக்கிறது. பிரேக் என்று எதுவும் இல்லை. சரிவில் நிறுத்தினால் செங்கல் வைப்போம், அவ்வளவே.

ஆடி 5

தம்பி இங்கிலாந்தில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் ஒரு வீடியோ அனுப்பினான். அங்கே பலர் காருக்குப் பின்னால் கேரவன் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நடிகர்களின் வண்டி. அங்கே அது சொந்தமாக எஞ்சின் இல்லாத சக்கர வீடு. காரைக் கழற்றிவிட்டால் அந்த ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையைக் கையால்தான் நகர்த்த வேண்டும். வயதானவர்களால் முடியாது. அதற்காக ஒரு சாதனம் பொருத்துகிறார்கள். டயரை ஒட்டி ஓர் உருளை, அதைச் சுற்ற ஒரு மோட்டார், 12 வோல்ட் பேட்டரி. பொத்தானை அழுத்தினால் உருளை டயரில் அழுந்திச் சக்கரத்தைச் சுற்றுகிறது. தனியாக நிற்கும் ஒரு பாட்டி அத்தனை பெரிய வண்டியை ரிமோட்டில் திருப்பி, சுவரோரம் நிறுத்துகிறார்.

அப்பா அதை மூன்று தடவை பார்த்தார். "நமக்கும் இப்படி ஒண்ணு மாட்டலாமாய்யா?" என்றார். அவர் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆடி 7

பட்டறை அண்ணாச்சியிடம் போனேன். உருளை நமக்கு ஒத்துவராது என்றார். கேரவன் டயர் அகலமானது. சைக்கிள் டயர் இரண்டு விரல் அகலம், மழையில் உருளை வழுக்கும். செயின் போட்டு, ஒரு சக்கரத்தோடு மோட்டாரைச் சேர்க்கலாம். மோட்டார், கன்ட்ரோலர், இரண்டு பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் ஆகும் என்றார். வண்டியின் எடை 22 கிலோ கூடும். தினமும் சார்ஜ் போட்டு இறக்கினால், லெட் ஆசிட் பேட்டரி ஒன்றரை வருடம் தாங்கினால் பெரிது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்றும் பெற்ற பேட்டரி வண்டிக்குத்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விலக்கு. பட்டறையில் மாட்டிய மோட்டாருக்குச் சான்று ஏது? நாங்கள் நிற்பது தேசிய நெடுஞ்சாலை ஓரம். நாளைக்கு ஒருவர் மேல் வண்டி மோதினால் என்ன சொல்வோம்? கேஸ் சிலிண்டருக்கு இரண்டடி தள்ளி பேட்டரி வயரும் ஸ்விட்சும் இருக்கப்போவதை நினைத்தாலும் மனசு ஒப்பவில்லை.

ஆனால் அப்பா கேட்டுவிட்டாரே.

ஆடி 9

மில்லில் எதையும் அளக்காமல் மாற்ற மாட்டோம். வண்டியையும் அளந்தேன். பழைய இரும்புக் கடை மேடைத்தராசில், வியாபாரத்துக்குப் போகும் முழுச் சாமானோடு ஏற்றினோம்: 262 கிலோ. பிறகு தேங்காய் மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்கி, வண்டி முன்னால் கட்டி, தராசைப் பிடித்து இழுத்தேன். சமதரையில் உருண்டுகொண்டிருக்கும்போது முள் காட்டியது 11 கிலோ. பாலத்து ஏற்றத்தில் 25 கிலோ.

அந்த ஏற்றம் 18 அடிக்கு ஓர் அடி உயர்கிறது. 262 கிலோ வண்டியை அதில் ஏற்ற, சரிவுக்கு மட்டும் பதினாலரை கிலோ வேண்டும். அதை யாரும் குறைக்க முடியாது. மீதிப் பத்தரை, பதினொன்று? அதில் பெரும்பங்கு தேய்ந்த புஷ்ஷும் வளைந்த ரிம்மும் காற்று இறங்கிய டயரும் கேட்கிற வரி. பதினாறு வருடமாக அப்பா அந்த வரியையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறார். தராசு முள்ளைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆடிப்பூரம்

அப்பாவைப் பைக்கில் உட்காரவைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன். காலில் கட்டு. ஆனாலும் ஆண்டாள் தேரைப் பார்க்காமல் அவருக்கு ஆடி கழியாது. ரத வீதியில் நடக்க இடமில்லை. வடம் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான கைகள். எல்லோரும் மேலே அலங்காரத்தைப் பார்க்க, அப்பா கீழே சக்கரத்தைக் காட்டினார். சக்கரத்தை ஒட்டி, முட்டுக்கட்டையோடு குனிந்து நடந்தவர்களைக் காட்டினார்.

"மரச்சக்கரமா இருந்த காலத்துல சுத்துப்பட்டு ஊர்ச் சனம் பூரா வந்து இழுக்கும். நிலைக்கு வந்து சேர நாள்கணக்கா ஆகும். இரும்புச் சக்கரமும் பிரேக்கும் போட்ட பிறகுதான் அன்னைக்கே நிலைக்கு வருது" என்றார்.

திருவாரூர் ஆழித்தேரும் அப்படித்தான். சுமார் 300 டன் என்று சொல்லப்படும் அந்தத் தேருக்கு, திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. இன்று புல்டோசர்கள் பின்னாலிருந்து உந்துகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் தேருக்குள்ளே யாரும் எஞ்சின் வைக்கவில்லை. மாற்றியது அச்சை, சக்கரத்தை, நிறுத்தும் வழியை. அவ்வளவு பெரிய பாரத்தை நகர்த்தத் தெரிந்தவர்கள், அதை நிறுத்தும் வேலையையும் சேர்த்தே செய்திருக்கிறார்கள்.

எங்கள் வண்டியில் அப்பாவின் விரலை நசுக்கியது ஏற்றம் இல்லை, இறக்கம். மோட்டார் இருந்திருந்தாலும் அந்த விரல் தப்பியிருக்காது. திரும்பி வரும் வழியில் இதை அவரிடம் சொன்னேன். "அப்ப முதல்ல பிரேக்கப் பாரு" என்றார்.

ஆடி 14

பழைய இரும்புக் கடையில் மொபெட் பின்சக்கரம் இரண்டு கிடைத்தது. உள்ளே பால் பேரிங், கூடவே டிரம் பிரேக். பட்டறையில் அச்சை வெட்டி வெல்டு வைத்தோம். இரண்டு பிரேக் கேபிளையும் கைப்பிடியில் ஒரே லீவருக்குக் கொண்டுவந்தோம். முன்சக்கரங்களுக்குப் புது ரிம், பேரிங். மொத்தச் செலவு 5,300 ரூபாய்.

மறுபடி தராசு கட்டினேன். சமதரையில் 5 கிலோ. ஏற்றத்தில் இருபதுக்குக் கொஞ்சம் கீழே. சமதரையில் பாதிக்குமேல் பாரம் போய்விட்டது.

ஆனால் இறக்கத்தில் அளந்தபோது பயந்துவிட்டேன். பழைய சக்கரத்தில், உராய்வே பாதிப் பிரேக்காக இருந்ததால் வண்டி மூன்றரை கிலோ விசையில்தான் கீழே இழுத்தது. புதுச் சக்கரத்தில் ஒன்பதரை கிலோ. பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு பிரேக் போடாமல் விட்டிருந்தால், நல்லது செய்கிறேன் என்று அப்பாவை இன்னும் பெரிய ஆபத்தில் தள்ளியிருப்பேன். தேருக்கு அச்சும் பிரேக்கும் ஏன் ஒன்றாக வந்தன என்பது அந்தப் பாலத்தில் நின்றபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஆடி 16

காலில் கட்டு பிரித்தாயிற்று. அப்பா இன்று தள்ளினார். நான் பக்கத்தில் நடந்தேன், கை வைக்கவில்லை. ராத்திரி திரும்பும்போது பாலத்து இறக்கத்தில் அவர் முன்னால் போய் நிற்கவில்லை. பின்னாலேயே நின்று லீவரை அழுத்தினார். வண்டி அவர் நடைக்கு நடந்தது. பாதி இறக்கத்தில் முழுசாக அழுத்தி நிறுத்தி, இரண்டு கையையும் எடுத்துவிட்டு, பின்பு அம்மாவைப் பார்த்தார். லீவரில் பூட்டுக் கொக்கி இருக்கிறது. வண்டி அசையவில்லை.

ஆடி 18

மோட்டார் வேண்டாம் என்று முடிவெடுத்ததாக இதைப் படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. மனிதன் பாரத்தைத் தள்ளுவதில் பெருமை ஒன்றும் இல்லை. 1973இல் தமிழ்நாட்டில் கைரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். மனிதனை மனிதன் கையால் இழுப்பது நின்றது. அது நம் ஊர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. ஏற்றத்தில் இருபது கிலோ இன்னும் மிச்சம் இருக்கிறது. அப்பாவுக்கு எழுபது வயதாகும்போது அது முப்பதாகத் தெரியும். அன்றைக்கு, சான்று பெற்ற பேட்டரி வண்டியாகவே வாங்கிவிட வேண்டும் என்று, மிச்சம் பிடித்த 12,700 ரூபாயை அம்மா பெயரில் தபால் நிலையக் கணக்கில் போட்டுவிட்டேன். பட்டறை மோட்டாருக்கு அதில் ஒரு ரூபாயும் போகாது.

உங்கள் வீட்டிலும் யாராவது வண்டி தள்ளினால், இட்லி வண்டியோ இஸ்திரி வண்டியோ பழ வண்டியோ, மோட்டார் விலை விசாரிக்கும் முன்னால் ஒரு கொக்கித் தராசை இரவல் வாங்குங்கள். சமதரையில் எத்தனை கிலோ என்று பாருங்கள். சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வண்டியில் பிரேக் இல்லையென்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் போடுங்கள்.