சாக்குருவியும் புள்ளிமானும்

திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ரஞ்சன்குடி கோட்டை. 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தப் பக்கத்தில் மோதிக்கொண்டார்கள். கோட்டை பார்க்க வருகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். விவசாயி பார்க்க வேண்டியது அதற்குப் பிறகுதான்.

சுற்றிலும் கரிசல் நிலம், மக்காச்சோளமும் பருத்தியும். இருட்டியதும் துணியைக் கிழிப்பது போல ஒரு கத்தல் கேட்டால் அது வெண்கூகை. 'சாக்குருவி கத்துது' என்று கல்லெடுத்து விரட்டுவார்கள். அது கூடு கட்டாது. பாழடைந்த மண்டபமோ மரப்பொந்தோ இருந்தால் போதும். அதன் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இல்லை. அதனால் சத்தம் மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா என்று பிரித்தறிந்து, கும்மிருட்டிலும் எலியைப் பிடித்துவிடும். இறகின் ஓரம் சீப்பு போல இருப்பதால் அது பறந்து வரும் சத்தம் எலிக்குக் கேட்காது. ஒரு ராத்திரிக்கு இரண்டு, மூன்று எலி. குஞ்சு இருந்தால் அதற்கும் மேல்.

அதே நேரத்தில்தான் காப்புக்காட்டிலிருந்து புள்ளிமானும் இறங்குகிறது. பிள்ளைகளுக்குக் காட்டி மகிழ்கிற அழகு மான்தான், இளம்பயிரில் கூட்டமாக இறங்கினால் மறுவிதைப்புச் செலவு நம் தலையில். சேதம் யாருடையது என்று விடிந்ததும் தெரிந்துவிடும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கடித்து இழுப்பதால் தண்டு நார்நாராகப் பிய்ந்திருக்கும். எலி வெட்டியது கத்தியால் சாய்வாக நறுக்கியது போலிருக்கும். எலி வெட்டியதற்கு மானைத் திட்டி வேலி போட்டால் காசுதான் நட்டம்.

எலி மருந்து வைப்பதிலும் ஒரு சிக்கல். மருந்து தின்ற எலி உடனே சாகாமல் தள்ளாடித் திரியும். அதைத் தின்கிற கூகையும் செத்துப்போகலாம். அதற்குப் பதில், குறுக்குக் குச்சி கட்டிய கம்புகளைப் பயிருக்கு மேலே தெரியும்படி நட்டால் கூகை வந்து உட்காரும். கதிர் பிடித்ததும் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகளுக்கு அது திண்ணையாகிவிடும்.

மான் விஷயம் இவ்வளவு லேசில் தீராது. அதற்குத் தினமும் தண்ணீர் வேண்டும். கோடையில் குட்டைகள் வற்றியதும் தண்ணீர் தேடி வந்து தரைமட்டக் கிணற்றில் விழுகிறது. தீயணைப்பு வீரர்கள் கயிறோடு வந்து தூக்குவது இந்த மாவட்டத்தில் அடிக்கடி நடக்கிறது. கண்ணி வைப்பதும் மின்கம்பி இழுப்பதும் 1972-ம் வருட வன உயிரினச் சட்டப்படி குற்றம். பயிர்ச் சேதத்தைப் போட்டோ எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கிணற்றுக்கு இடுப்பளவு கைப்பிடிச்சுவர் எழுப்பினால் மான் விழுவது குறையும். ராத்திரியில் மோட்டார் போடப் போகிற நம் வீட்டு ஆட்களுக்கும் பயமில்லை.