மதிப்பெண்ணா, முகக்களையா?

சிராங்கூன் சாலை நகைக்கடைகளுக்குப் போகிறவர்களுக்கு 916 என்ற எண்ணை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். முத்திரை இருந்தால் மனத்துக்கு நிம்மதி. ஆனால், ஒரே முத்திரை குத்திய இரண்டு ஆரங்களை எதிரில் வைத்துப் பாருங்கள். நம் அம்மாக்கள் சட்டென்று ஒன்றைத்தான் கையில் எடுப்பார்கள். ஏன் என்று கேட்டால், "இதுல ஒரு களை இருக்குல்ல" என்பார்கள். அந்தக் களைக்கு எந்தக் கடையிலும் எண் போட்டுத் தரமாட்டார்கள்.

நான் வாங்குவது ஆரம் அல்ல, அமெரிக்காவின் பழைய பேஸ்பால் அட்டைகள். அங்கேயும் இதே வழக்குதான். எண்ணை நம்புவதா, களையை நம்புவதா?

கிரிக்கெட்டும் காற்பந்தும் பார்த்து வளர்ந்த தமிழ் வானொலிப் படைப்பாளருக்கு பேஸ்பால் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தபோது விளம்பர வரலாறும் ஒரு பாடம். அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள், ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சின்ன அட்டையைப் பெட்டிக்குள் வைத்து விற்ற கதையை அதில் படித்தேன். பெட்டி நசுங்காமல் காத்தது அந்த அட்டைதான். வாங்கியவரை மறுபடியும் கடைக்கு இழுத்ததும் அதுதான். பிறகு சூயிங்கம் நிறுவனங்கள் அந்த உத்தியை எடுத்துக்கொண்டன. பாடம் முடிந்தது, ஆர்வம் முடியவில்லை.

வார இறுதிகளில் திருமண விருந்துகளைத் தொகுத்து வழங்குவேன். அதில் வரும் பணத்தில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து வைப்பேன். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ அட்டைகள், அவ்வளவுதான். ஆகவே, ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் வாங்கவேண்டும்.

ஒரே ராபின்சன், இரண்டு அட்டைகள்

நான் நெடுநாளாகத் தேடியது ஜாக்கி ராபின்சனின் 1956ஆம் ஆண்டு அட்டை. 1947 ஏப்ரல் 15ஆம் தேதி புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியவர் ராபின்சன். அதற்கு முன் சுமார் அறுபது ஆண்டுகள், அமெரிக்காவின் முதல்நிலை லீக்குகளில் கறுப்பினத்தவருக்கு இடமே இல்லை. அவர் அணிந்த 42ஆம் எண்ணை 1997இல் எல்லா அணிகளுமே இனி யாருக்கும் தருவதில்லை என்று ஒதுக்கி வைத்தன. அவர் ஆடிய கடைசிப் பருவம் 1956. அந்த ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அட்டையில் அவருடைய முகம் பெரிதாக இருக்கும். பின்னணியில் அவர் சறுக்கி வந்து விழும் ஆட்டக் காட்சி. பின்பக்கத்தில் கேலிச்சித்திரங்களோடு அவரைப் பற்றிய குறிப்பு.

சென்ற ஆண்டு இணையத்தில் இரண்டு அட்டைகள் ஒரே வாரத்தில் விற்பனைக்கு வந்தன. ஒன்றின் தரம் 4, மற்றொன்றின் தரம் 2. விலை ஏறத்தாழ ஒன்றுதான்.

எட்ட இருந்து கேட்டால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரே விலைக்கு 4 கிடைக்கும்போது யாராவது 2ஐ வாங்குவார்களா? என் கணவர் கேட்டதும் அதைத்தான். படங்களைப் பெரிதாக்கிக் காட்டிய பிறகு அவரே சற்று நேரம் பேசவில்லை.

4ஆம் தர அட்டையில் மடிப்பு இல்லை, மூலைகளும் பரவாயில்லை. ஆனால், படம் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. இடப்பக்கம் அகலமான வெள்ளைக் கரை, வலப்பக்கம் நூலிழை போல ஒரு கோடு. அச்சில் வண்ணங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாததால் ராபின்சன் முகமே நீருக்கடியில் இருப்பதுபோல் கலங்கித் தெரிந்தது. 2ஆம் தர அட்டையில் படம் நடுவில் நின்றது. நிறம் பளிச்சென்று இருந்தது. முகம் துல்லியம். மூலைகள் மட்டும் தேய்ந்து உருண்டிருந்தன. பிறகு ஏன் 2? திருப்பிப் பார்த்தால் தெரியும். யாரோ ஒருவர் அதை எப்போதோ ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். பிய்த்து எடுத்தபோது பின்பக்கத்தாள் ஒரு திட்டாக உரிந்து, கேலிச்சித்திரத்தில் ஒரு துண்டு போய்விட்டது.

எண் என்ன சொல்கிறது?

நம் பிள்ளைகள் போக்கிமான் அட்டைகளைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, மேலே எண் ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கம் பேஸ்பால் அட்டைகளிலிருந்து வந்ததுதான். பிஎஸ்ஏ என்ற அமெரிக்க நிறுவனம் 1991இல் இதைத் தொடங்கியது. அட்டையை அனுப்பினால் அது அசலா என்று சோதித்து, மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து 1 முதல் 10 வரை ஒரு தரம் கொடுத்து, உறையில் அடைத்து முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

இது சராசரி மதிப்பெண் அல்ல என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பார்களே, அதுபோலத்தான். மற்ற பொருத்தங்கள் எல்லாம் இருந்தும் ரஜ்ஜு பொருந்தவில்லை என்றால் பெரியவர்கள் தாம்பூலத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். அட்டையிலும் மிக மோசமான ஒரு குறைதான் எண்ணைக் கீழே இழுக்கும். முன்பக்கம் ஓவியம்போல் இருந்தாலும், பின்னால் தாள் உரிந்திருந்தால் அது 1 அல்லது 2. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும் மெல்லிய மடிப்பு இருந்தாலும் தரம் பல படி இறங்கிவிடும்.

மறுபுறம், படம் ஒதுங்கியிருப்பதை இந்த அளவுகோல் கணிசமாகப் பொறுத்துக்கொள்கிறது. 7ஆம் தரத்துக்கு முன்பக்கக் கரைகள் 70க்கு 30 வரை விலகியிருக்கலாம். 5ஆம் தரத்துக்கு 85க்கு 15 வரை விலகலாம். ஒரு பக்கக் கரை மறுபக்கத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்! எண்ணைப் பொறுத்தவரை அது நல்ல அட்டை. கண்ணைப் பொறுத்தவரை கோணல் அட்டை.

இந்த இரண்டு குறைகளும் வெவ்வேறு இடத்தில் உண்டானவை. அட்டைகளைப் பெரிய தாளில் வரிசையாக அச்சிட்டு வெட்டுவார்கள். வெட்டு விலகினால் படம் ஒதுங்கும். அது பிறவிக் குறை. தேய்ந்த மூலை, பசைக் கறை, பேனாக் கிறுக்கல் எல்லாம் பிறகு வந்தவை. அந்தக் காலத்து அமெரிக்கப் பிள்ளைகள் அட்டைகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள், சைக்கிள் சக்கரக் கம்பிகளில் செருகிப் படபடவென்று ஒலிக்கவிட்டார்கள், சுவரில் எறிந்து பந்தயம் வைத்தார்கள். எண் பிறவிக் குறையையும் வாழ்ந்த தழும்பையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி ஓர் இலக்கத்தைத் தருகிறது. பிரித்துப் பார்க்கக் கண்ணால்தான் முடியும்.

அப்பாவின் வாதம்

என் அப்பா ஐம்பது ஆண்டுகளாகத் தபால்தலை சேர்ப்பவர். இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு 4தான் என்றார். "முன்பக்கத்த மட்டும் பாத்து வாங்கக்கூடாதும்மா. திருப்பிப் பாக்கணும். ஒட்டுத் தடம் இருந்தா புதுத் தபால்தலைக்கே விலை போயிடும்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அதனால் அவருக்கு ஜெபர்சன் பர்டிக்கின் கதையைச் சொன்னேன். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். அட்டைகளுக்கு முதன்முதலில் முறையான பட்டியல் தயாரித்ததும் அவர்தான். டி206 என்று சேகரிப்பாளர்கள் இன்றும் சொல்லும் வரிசைப் பெயர்கள் அவர் வைத்தவை. மூட்டுவாதத்தோடு போராடியபடியே, 300,000க்கும் மேற்பட்ட அச்சுப் பொருள்களை நியூயார்க்கின் மெட்ரோபோலிட்டன் கலைக்கூடத்துக்குக் கொடுத்தார். அவற்றில் 30,000க்கும் அதிகமானவை பேஸ்பால் அட்டைகள். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், அதே மார்ச்சில் இறந்துபோனார். அட்டைகளை அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆல்பங்களில் பசை போட்டு ஒட்டினார்!

அப்பா சிரித்துவிட்டார். "அப்ப அவர் அட்டைக்கெல்லாம் என்ன மார்க்கு வரும்?" என்றார். பிய்த்து எடுத்தால் பெரும்பாலும் 1 என்றேன்.

பர்டிக்கின் தலைமுறைக்கு அட்டை என்பது அதன் முகம். முகம் தெரியட்டும் என்றுதான் முதுகில் பசை தடவினார்கள்.

கண்ணும் ஏமாறும்

இதனால் எண்ணே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவில் இருக்கும் அட்டையை நான் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. போலியா, ஓரம் வெட்டிக் கூர்மையாக்கியதா, நிறம் பூசியதா என்று சோதிக்க ஒருவர் வேண்டும். அந்த வேலைக்குத்தான் உறையும் முத்திரையும். கண் மட்டும் போதும் என்று கிளம்பினால், அலங்காரம் செய்த அட்டையில்தான் முதலில் போய் விழுவோம்.

சோதிப்பவர்களும் தவறுவதுண்டு. இந்தத் துறையின் பிரபலமான அட்டை, 1909 முதல் 1911 வரை வெளியான டி206 வரிசையின் ஹோனஸ் வாக்னர். அவற்றுள் மிக அழகான ஒன்றை 1991இல் ஐஸ்ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் புரூஸ் மெக்னாலும் சேர்ந்து 451,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். பிஎஸ்ஏ முதன்முதலில் தரமிட்ட அட்டை அதுதான், தரம் 8. கத்திபோன்ற ஓரங்கள், கூரான மூலைகள். அதன் ஓரங்களைத் தாமே வெட்டியதாக, முன்பு அதை விற்ற பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். எண்ணும் கண்ணும் சேர்ந்தே ஏமாந்த கதை அது. இன்னொரு பக்கம், எஸ்ஜிசி நிறுவனம் வெறும் 2 தரம் கொடுத்த வேறொரு வாக்னர் அட்டை 2022 ஆகஸ்டில் 7.25 மில்லியன் டாலருக்குக் கைமாறியது. அரிய அட்டை என்றால் எண்ணைத் தாண்டியும் ஆள் வருகிறது.

ஆகவே, எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அட்டை உறையில் இருக்கவேண்டும். அசல் என்ற உறுதிக்காக. தரம் குறைவாக இருந்தால் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். முன்பக்கம், பின்பக்கம், சாய்ந்த வெளிச்சம் என மூன்று படங்கள் கேட்பேன். காரணம் எனக்குத் தெரிந்து, அது என் கண்ணை உறுத்தாவிட்டால் அந்த அட்டை எனக்கானது. காரணமே புலப்படவில்லை என்றால், எங்கோ ஒரு மடிப்பு ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் விலை பேசுவேன். 'பார்வைக்கு அபாரம்' என்று விற்பவர் எழுதியதற்காக ஒரு காசும் கூட்டித் தருவதில்லை. படத்தில் வெளிச்சத்தைக் கூட்டுவது யாருக்கும் எளிது. பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று உறைமேல் வில்லை ஒட்டித் தரும் நிறுவனங்களும் இப்போது வந்துவிட்டன. எண்ணுக்கு மேல் இன்னொரு எண்!

மீண்டும் விற்கும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. வாங்குபவர்கள் பெரும்பாலும் எண்ணைப் போட்டுத்தான் தேடுவார்கள். 4 சீக்கிரம் விலைபோகும். அழகான 2 தனக்கேற்ற ஆள் வரும்வரை காத்திருக்கும். "நாளைக்கு வீட்டுக்கு அவசரம்னா எது கைகொடுக்கும்?" என்று என் கணவர் கேட்டதற்கு நேர்மையான பதில் 4தான். வீட்டு அவசரத்துக்கு வேறு சேமிப்பு இருக்கிறது, அதில் நான் கைவைக்கவில்லை என்று காட்டிய பிறகுதான் பேச்சு முடிந்தது. அந்தச் சேமிப்பு இல்லாதவர்களுக்கு என் முடிவை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நான் 2ஐ வாங்கினேன்.

என் வேலையும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பழைய பாடல் கேட்டு அழைக்கும் நேயர்களுக்குச் சுத்தம் செய்த புதிய ஒலிப்பதிவைப் போட்டால், சிலர் மறுபடியும் அழைப்பார்கள். "அது இல்லம்மா, கரகரன்னு ஒண்ணு இருக்குமே, அதப் போடும்மா" என்பார்கள். தொழில்நுட்ப அளவுகோலில் அது கீழ்த்தரம். ஆனால், கரகரப்பு ஓரத்தில்தான் இருக்கிறது. குரல் நடுவில் தெளிவாக நிற்கிறது. சுத்தம் செய்யும்போது சில நேரம் குரலின் உயிரும் சேர்ந்து போய்விடுகிறது. நேயர்கள் கேட்பது குரலைத்தான், கரகரப்பை அல்ல.

மூன்று வாரம் கழித்து அட்டை வந்து சேர்ந்தது. இப்போது என் மேசையில், தினமும் என்னைப் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. அப்பா வந்தபோது முகத்தை ஒரு நொடிதான் பார்த்தார். பழக்கம் விடுமா? உடனே திருப்பினார். உரிந்த திட்டைக் கட்டைவிரலால் உறைமேல் தடவிப் பார்த்தார்.

"யாரோ ஒரு பையன் பசைய நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு, முகம் தெரியும்படி திருப்பி வைத்தார்.